வெந்த கடலைக்காயும் பன்னீர் திராட்சையும்



போன மாதம் ராசிபுரத்திலிருந்து நம் வாசகர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர், நம் இதழை ஆரம்பம் முதல் படித்து வருபவர். காபி குடித்து முடித்ததும் மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். டப்பாவின் மேல் கறுப்புத் திராட்சைக் கொத்து ஒன்றின் படம். உள்ளே அறுபது கேப்ஸ்யூல். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியிருக்கிறார்.

"திராட்சையில இருந்து எடுத்ததாமுங்க. சர்க்கரை குறையும், இருதயத்துக்கு நல்லது, வயசாகறதே தெரியாதுன்னு போட்டிருக்குது. பன்னெண்டு வருசமா சர்க்கரை மாத்திரை முழுங்கிச் சலிச்சுப்போச்சுங்க. அதை விட்டுட்டு இதையே சாப்பிடலாமுங்களா?" என்று கேட்டார்.

சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று அப்போதே சொன்னேன். அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன, அது உடம்புக்குள் போய் என்ன செய்யும் என்ற கேள்விக்கு மட்டும் அன்று என்னிடம் பதில் இல்லை. ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். கேட்டவர் ஒருவர்தான் என்றாலும் கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு அந்த நோய். நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் திண்ணைப் பேச்சிலும் டீக்கடை பெஞ்சிலும் சர்க்கரை வராத நாள் இல்லை. அதனால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொருளின் பெயர் ரெஸ்வெரட்ரால். திராட்சையின் பெயரோடு இன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்தது திராட்சையிலிருந்து அல்ல. மிச்சியோ தகாவோகா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1939-ல் வெராட்ரம் என்ற செடியின் வேரில் அதைக் கண்டார். பெயரின் நடுவில் இருக்கும் 'வெரட்ர' அந்தச் செடியின் பெயர்தான். திராட்சைக்கு வந்து சேர இன்னும் முப்பத்தேழு வருடம் ஆயிற்று. 1976-ல் லாங்கேக், பிரைஸ் என்ற இருவர் பூஞ்சை தாக்கிய திராட்சை இலைகளை ஆராய்ந்தார்கள். பூஞ்சை பட்ட இடத்தைச் சுற்றி இந்தப் பொருள் சேர்ந்திருந்தது. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியபோதும் இலை இதையே உண்டாக்கியது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். கொடிக்கு ஓடி ஒளிய வழியில்லை. பூஞ்சை இறங்கும்போதும், வெயில் சுடும்போதும், காயம் படும்போதும் நின்ற இடத்திலேயே தற்காப்புக்கு அது சுரக்கும் மருந்து ரெஸ்வெரட்ரால். பழத்தில் அது இருப்பது தோலில். எதிரி முதலில் தொடும் இடம் தோல் என்பதால் காவலும் அங்கேதான். சாறு பிழிந்து சக்கையைத் தூக்கிப் போட்டால் அந்தப் பொருளில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். ரகம், வெயில், பூஞ்சையின் வீச்சு எல்லாவற்றையும் பொறுத்து அளவு மாறும். ஒரு தோட்டத்துப் பழத்துக்கும் இன்னொரு தோட்டத்துப் பழத்துக்குமே பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

நமக்குத் திராட்சை என்றால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. சின்னமனூர், உத்தமபாளையம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று வரிசையாகப் பந்தல்கள். மற்ற ஊர்களில் வருடத்துக்கு ஒரு பருவம் என்றால் அங்கே வருடம் முழுக்கக் காய் அறுப்பு உண்டு. ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.  நம் சேலம் சின்னக்கடை வீதியில் தட்டுவண்டியில் குவித்து விற்கும் கருநீலப் பழம் அதுதான். விதை இருக்கிறது, தோல் தடிப்பு என்று பலர் அதை ஒதுக்கிவிட்டு விதையில்லாப் பச்சைத் திராட்சைக்குப் போகிறார்கள். தோலில் உள்ள பொருளைப் பற்றிப் பேசும்போது தடித்த தோல் ஒரு குறையே இல்லை.

இந்தப் பொருள் எப்படி டப்பாவுக்குள் வந்தது என்ற கதைக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையச் சாப்பிட்டும் அவர்களிடையே மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, சிவப்பு ஒயின்தான் காரணமோ என்று 1991 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று கேட்டது. செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதில் பேசினார். அடுத்த வருடமே ஒயினுக்குள் ரெஸ்வெரட்ரால் இருப்பதைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். 1997-ல் அது எலிகளின் தோலில் புற்றுநோய்க் கட்டிகளைக் குறைத்தது என்று சயன்ஸ் இதழில் கட்டுரை வந்தது. 2003-ல் டேவிட் சின்க்ளேரின் குழு, ஈஸ்ட்டின் ஆயுளை அது 70 சதவீதம் வரை நீட்டியது என்று நேச்சர் இதழில் எழுதியது. 2006-ல் கொழுப்புணவு தின்று பருத்த எலிகள் இதைச் சாப்பிட்டதும் ஆரோக்கியமாகவும் கூடுதல் நாளும் வாழ்ந்தன. உலகமே கிறங்கிப்போனது. 2008-ல் கிளாக்ஸோஸ்மித்க்ளைன் நிறுவனம் இந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்ட சர்ட்ரிஸ் என்ற சிறிய நிறுவனத்தை 72 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அதே 2008-ல் வந்த இன்னொரு முடிவை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை: சாதாரணத் தீனி தின்ற எலிகளுக்கு ஆயுள் கூடவில்லை. 2010-ல் சர்ட்ரிஸின் ரெஸ்வெரட்ரால் மருந்தை எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது சிலருக்குச் சிறுநீரகம் கெட்டது, சோதனையை நிறுத்தினார்கள். 2012-ல் இன்னொரு அடி. ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி நிறைய எழுதியிருந்த தீபக் தாஸ் என்ற ஆய்வாளரின் கட்டுரைகளில் 145 இடங்களில் தரவுகள் புனையப்பட்டிருந்தன என்று அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது. இதைச் சொல்வது யாரையும் இழிவுபடுத்த அல்ல. டப்பாவின் மேல் அச்சிடும் ஆரோக்கிய வாசகங்களுக்குப் பின்னால் எவ்வளவு அவசரம் இருந்தது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனிதர்களிடம் என்ன நடந்தது? இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது என்று தெரிந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊட்டி அரசு தலைமை மருத்துவமனைக்கு வந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் 62 பேர். நடத்தியவர்கள் பட், தாமஸ், நஞ்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சர்க்கரை மாத்திரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதே மாத்திரையோடு தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால். மூன்று மாதம். 2012-ல் முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரெஸ்வெரட்ரால் சாப்பிட்டவர்களுக்கு 9.99-லிருந்து 9.65-க்கு இறங்கியது. மேல் ரத்த அழுத்தம் 139-லிருந்து 127-க்கு வந்தது. மொத்தக் கொலஸ்ட்ராலும் கொஞ்சம் குறைந்தது.

நல்ல செய்திதான். ஆனால் இந்த எண்களை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். 9.65 என்பது எந்த மருத்துவரும் நிம்மதியாக விடும் அளவு அல்ல. பெரும்பாலானவர்களுக்கு 7-ஐ ஒட்டி வைத்திருக்கவே பார்ப்பார்கள். அது திறந்த சோதனை, அதாவது தனக்குப் புது மருந்து தரப்படுகிறது என்று நோயாளிக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத போலி மாத்திரை எதுவும் மற்றப் பிரிவினருக்குக் கொடுக்கப்படவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த 62 பேரில் ஒருவரைக்கூடச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ராசிபுரத்து ஆசிரியர் செய்ய நினைத்தது அங்கே நடந்ததற்கு நேர் எதிரானது.

சோதனைகளைச் சல்லடை போட்டுச் சலிக்கும் காக்ரேன் அமைப்பு 2020-ல் இந்தக் கேள்வியை எடுத்தது. தன் கண்டிப்பான அளவுகோலுக்குள் வரக்கூடியவை என்று அது ஏற்றவை மூன்றே சோதனைகள், அவற்றில் மொத்தம் 50 பேர். சர்க்கரை நோய்க்கு ரெஸ்வெரட்ரால் உதவும் என்று சொல்ல இந்தச் சான்று போதாது என்று எழுதிவிட்டார்கள். முதியவர்களிடம் கோபன்ஹேகனில் நடந்த ஒரு சோதனை இன்னும் யோசிக்க வைக்கிறது. அறுபத்தைந்து வயதை ஒட்டிய ஆண்களுக்கு எட்டு வாரம் உடற்பயிற்சி. பாதிப் பேருக்குக் கூடவே 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பயிற்சியால் வர வேண்டிய பலனில் ஒரு பகுதி வராமல் போனது. 2013-ல் இது வெளிவந்தது. காலையில் எழுந்து வேகமாக நடக்கிற நம் பெரியவர்கள், அந்த நடையின் பலனைக் கெடுக்கக்கூடிய ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

உணவில் கிடைக்கும் அளவு போதுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் திராட்சைக்கும் ஒயினுக்கும் பேர்போன கியாந்தி பகுதியில் 65 வயதைத் தாண்டிய 783 பேரை ஒன்பது வருடம் தொடர்ந்தார்கள். சிறுநீரில் ரெஸ்வெரட்ராலின் சுவடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொண்டார்கள். அந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் மரணத்திலோ இதய நோயிலோ புற்றுநோயிலோ வித்தியாசம் தெரியவில்லை. 2014-ல் இந்த முடிவு வந்தது. ஒயினை மருந்து என்று நினைப்பவர்களுக்கும் இதுவே பதில். மது எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பரிசோதனைக் குழாயில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் உடம்புக்குள் ஏன் சோர்ந்துபோகிறது என்றால், காரணம் நம் குடலும் கல்லீரலும். வாயில் போட்டதில் முக்கால் பங்கை ஒட்டிக் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஆனால் குடலும் கல்லீரலும் சேர்ந்து அதை வேகமாக வேறு வடிவத்துக்கு மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகின்றன. மாறாத ரெஸ்வெரட்ராலாக ரத்தத்தில் சுற்றுவது துளித்துளி. அதனால்தான் சோதனைகளில் 250, 500, 1,000 மில்லிகிராம் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இனி ஒரு கணக்கு. ஒரு கப் கறுப்பு அல்லது சிவப்புத் திராட்சையில், அதாவது சுமார் 160 கிராமில், ரெஸ்வெரட்ரால் 0.24 முதல் 1.25 மில்லிகிராம் வரை இருக்கும். ஊட்டிச் சோதனையில் கொடுத்த 250 மில்லிகிராமைப் பழத்திலிருந்தே எடுக்க வேண்டுமென்றால், உயர்ந்த அளவை வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 200 கப், 32 கிலோ. அதில் ஐந்து கிலோ அளவுக்குச் சர்க்கரையும் சேர்ந்து வரும். "அப்படின்னா இந்த டப்பாவுக்கு எத்தனை கிலோ திராட்சை பிழிஞ்சிருப்பாங்க?" என்று எங்கள் அலுவலகத்துத் தம்பி கேட்டார். பெரும்பாலும் ஒரு கிலோகூட இல்லை. சந்தையில் உள்ள இத்தகைய மாத்திரைகள் பலவற்றுக்கும் மூலப்பொருள் ஜப்பானிய நாட்வீட் என்ற புதரின் வேர். டப்பாவின் மேல்தான் திராட்சைக் கொத்து.

இவ்வளவும் படித்துவிட்டு, எந்தெந்த உணவில் இது எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஒரு வரியில் கண் நின்றுவிட்டது. வெந்த நிலக்கடலை, ஒரு கப், 180 கிராம்: 0.32 முதல் 1.28 மில்லிகிராம். கறுப்புத் திராட்சைக்குச் சரிசமம். பச்சைக் கடலையில் 0.01 முதல் 0.26 வரைதான். கடலை வெண்ணெயில் அதைவிடவும் சொற்பம். வெந்ததில்தான் இவ்வளவு.

வெந்த கடலைக்காய்! மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பெரியம்மா வீட்டு வாசல் எனக்கு அப்படியே கண்ணுக்குள் வந்துவிட்டது. செம்மண் மானாவாரிக் காடு. ஆடியில் விதைத்த கடலை ஐப்பசியில் விளைந்திருக்கும். விடிவதற்குள் கொடி பிடுங்கப் போவார்கள். வேப்பமர நிழலில் குவித்துப்போட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். சாயங்காலம் கூலிக்காயை மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். பெரியம்மா பெரிய அலுமினியக் குண்டாவில் மண் போகக் கழுவிய காயைக் கொட்டி, கல்லுப்பு அள்ளிப்போட்டு, விறகடுப்பில் ஏற்றிவிடும். "ஈரம் காயறதுக்குள்ள வேக வெக்கோணும் கண்ணு. ரெண்டு நாள் போனா அந்த ருசி வராது" என்று சொல்லும். ஓடு மெத்தென்று ஆகி, உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, பருப்பின் செந்தோல் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். நாங்கள் அந்தத் தோலை உரித்ததே இல்லை. உரிக்கவும் வராது.

நிலக்கடலையும் திராட்சையைப் போலவே பூஞ்சைக்கும் காயத்துக்கும் எதிராக ரெஸ்வெரட்ராலைச் சுரக்கிற செடி. மண்ணுக்குள்ளேயே காய்க்கிற ஒன்றுக்கு எத்தனை எதிரிகள் இருக்கும்! இன்னொரு தாவரத்தையும் சொல்ல வேண்டும்: பட்டுப்புழுவுக்காக நம் பக்கத்தில் வளர்க்கிற மல்பெரி. அதன் பழத்திலும் இது உண்டு. வேலியோரம் கருத்துக் கனிந்து உதிர்கிற அந்தப் பழத்தைப் பிள்ளைகளுக்குப் பறித்துக் கொடுங்கள்.

கடலைக்காய் சாப்பிட்டால் சர்க்கரை குறைந்துவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் எந்த நோயையும் தீர்க்காது. கடலையின் நன்மை இந்த ஒரு பொருளில் மட்டும் இல்லை. அதில் புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, இதயத்துக்கு ஏற்ற கொழுப்பு இருக்கிறது. மாலையில் பிஸ்கட்டும் மிக்சரும் தின்பதற்குப் பதில் ஒரு கைப்பிடி வெந்த கடலை, அல்லது தோலோடு வறுத்த கடலை, எவ்வளவோ மேல். பணம் கொடுத்துத் திராட்சை மாத்திரை வாங்குபவர், அதே பொருள் தன் காட்டிலேயே விளைகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். வறுத்த கடலையைத் தேய்த்து ஊதித் தோலை முறத்தில் பறக்கவிடுகிறோமே, அந்தத் தோலிலும் இது இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சத்தமாகச் சொல்லியாக வேண்டும். பூஞ்சையை எதிர்க்கத்தான் இந்தப் பொருள் உண்டாகிறது என்றதும் பூஞ்சை பிடித்த கடலை நல்லது என்று யாராவது நினைத்துவிடக் கூடாது. கடலையில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்லடாக்சின் என்ற கொடிய நஞ்சை உண்டாக்கும். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரவைக்கும். இதை நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. ஆராய்ந்தபோது தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அஃப்லடாக்சின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். இன்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்குத் தீவன மாதிரி அனுப்பி, நஞ்சு எவ்வளவு என்று பார்த்த பிறகே கோழிக்குப் போடுகிறார்கள். கோழிக்குக் காட்டும் அக்கறையை நம் பிள்ளைகளின் தட்டுக்கும் காட்டுவோம். சுருங்கிய, கறுத்த, கசக்கிற, பச்சை படர்ந்த பருப்பு ஒன்று வாயில் பட்டாலும் துப்பிவிடுங்கள். வேகவைப்பதாலும் வறுப்பதாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் வைத்த கடலையை மட்டும் வாங்குங்கள்.

கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்து வேகவையுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் திராட்சையை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொண்டு, சாறாகப் பிழியாமல் தோலோடு மென்று சாப்பிடுங்கள். திராட்சைக்கு மருந்து அதிகம் அடிக்கிறார்கள் என்பதால் ஓடுகிற தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ரெஸ்வெரட்ரால் கேப்ஸ்யூலை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அதிக அளவில் அது மற்ற மருந்துகளின் வேலையில் குறுக்கிடும்.

ராசிபுரத்து ஆசிரியருக்குப் போன வாரம் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சர்க்கரை மாத்திரையை விடவில்லை என்றார். கேப்ஸ்யூல் டப்பாவை இன்னும் பிரிக்கவில்லையாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டப்பா இருந்தால், நீங்களும் அதையே செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்